பக்கத்து வீட்டுத் தம்பி மேல் வரியை மட்டும் காலியாக விட்டான்

கேள்வி: அமெரிக்காவில் இளைஞர்களுக்கு நாட்டு அரசியலே வெறுத்துவிட்டது என்கிறார்களே, அது சோம்பலா, அலட்சியமா? நேரில் பழகியவர்கள் சொல்ல முடியுமா?

இரண்டுமே இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்ற ஊரில் பதினான்கு வருடமாக இருக்கிறோம். உருக்காலையால் வளர்ந்த ஊர் இது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு இரும்பு கொடுத்தது இந்த ஆலையின் நிறுவனம்தான். 1995-இல் உலைகள் அணைந்தன, 2001-இல் ஆலை திவாலானது, 2009-இல் அதே இடத்தில் சூதாட்ட விடுதி திறந்தார்கள். அணைந்த உலைகள் இன்றும் ஆற்றங்கரையில் நிற்கின்றன. பக்கத்து வீட்டுத் தம்பியின் தாத்தா அங்கே முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். தம்பி பிறந்தது 1998-இல். நாங்கள் குடிவந்தபோது சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்த பையன்.

2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது அவனுக்கு 14 வயது. வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு, கதவோரச் சுவரில் ஒட்டி, மூச்சுச் சத்தம்கூட வராமல் உட்கார அவனுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியை இன்னும் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும் என்று ஒரு மசோதா நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் எங்கள் மாநிலத்தின் அன்றைய செனட்டர் பாட் டூமி, குடியரசுக் கட்சிக்காரர். 2013 ஏப்ரலில் வாக்கெடுப்பு. ஆதரவு 54, எதிர்ப்பு 46. மசோதா தோற்றது. 60 பேர் வேண்டுமாம். “54 பெரிய எண்தானே?” என்று அவன் என்னிடம் கேட்டான். எனக்கு அப்போது அந்த விதியே தெரியாது, பதில் சொல்ல முடியவில்லை.

2016-இல் முதல் ஓட்டு. ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற பெர்னி சாண்டர்ஸுக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினான். நவம்பரில் ஹிலாரி கிளிண்டனுக்குப் போட்டான். நாடு முழுக்க அவருக்குச் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம், ஆனால் மாநிலவாரிக் கணக்கில் ஜெயித்தது டிரம்ப். எங்கள் மாநிலத்தில் வித்தியாசம் வெறும் 44,000 சொச்சம். அவன் அப்பா ஒபாமாவுக்கு இரண்டு முறை போட்டவர், அந்த வருடம் டிரம்புக்குப் போட்டார். எங்கள் மாவட்டமான நார்தாம்ப்டன் கவுண்டியும் அப்படியே போனது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தினமும் அந்த உலைகளைத் தாண்டி வேலைக்குப் போகிறவர், யாராவது ஒருவர் அதைப் பற்றிப் பேச மாட்டார்களா என்று காத்திருந்தார். ஆனால் அப்பாவும் பிள்ளையும் அன்றோடு அரசியல் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் இப்போதும் ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

வரலாறு படித்து 2020-இல் பட்டம் வாங்கினான், கொரோனாவால் பட்டமளிப்பு விழா கணினித் திரையோடு முடிந்தது. ஆசிரியராக வேண்டும் என்று ஆசை. கிடைத்தது நெடுஞ்சாலை ஓரத்துச் சரக்குக் கிடங்கில் இரவு வேலை. கல்விக் கடன் 31,000 டாலர்.

அடுத்து நடந்ததை நான் மறக்க மாட்டேன். 2022 ஆகஸ்டில் பைடன் கடன் தள்ளுபடி அறிவித்தார். எல்லாருக்கும் 10,000 டாலர் வரை, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான பெல் உதவித்தொகை வாங்கியிருந்தால் 20,000 வரை. நவம்பரில், நான் வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தபோது செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தான். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று மின்னஞ்சல். என் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, இலை போடும் பழுப்புக் காகிதப் பையின் மேலேயே கழித்தல் கணக்குப் போட்டான். 31,000-இல் 20,000 போக 11,000. அந்தப் பதினொன்றின் கீழ் இரண்டு கோடு இழுத்தான். காதலித்த பெண்ணோடு தனி வீடு பார்க்கப் போவதாகச் சொன்னான். குப்பை வண்டி வந்தபோது அந்தப் பையைப் போட எனக்கு மனசு வரவில்லை, கார் ஷெட்டில் எடுத்து வைத்தேன்.

2023 ஜூன் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. அக்டோபரில் முதல் தவணை கட்டினான். அந்தப் பெண் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். காரணம் பணம் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். அவன் இன்னும் பெற்றோர் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறான்.

26 வயது ஆகிற வரைக்கும்தான் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் பிள்ளை இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அவனுக்கு 2024-இல் அது போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் கடைவாய்ப்பல் வலி. ரூட் கேனாலுக்குக் கேட்ட தொகை அவனுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். நான் கொடுத்த கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் கிடங்கு வேலைக்குப் போனான். கடைசியில் பல்லைப் பிடுங்கிவிட்டான். இருபத்தாறு வயதுப் பையன். சிரிக்கும்போது அந்தப் பக்கம் உதட்டை மூடிக்கொள்கிறான்.

நடுவில் அந்த வருடத் தேர்தல். 2020-க்குப் பிறகு எந்தக் கட்சியும் வேண்டாம் என்று தன் வாக்காளர் பதிவை மாற்றியிருந்தான். அப்படிப்பட்டவர்கள் பென்சில்வேனியாவில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. ஜூன் 27-இல் நடந்த பைடன், டிரம்ப் விவாதத்தை அவன் தாத்தாவோடு எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். ஒருவருக்கு 81 வயது, இன்னொருவருக்கு 78. அந்த மாதம்தான் தாத்தாவிடமிருந்து கார் சாவியை வாங்கி வைத்திருந்தார்கள். பாதியில் தாத்தாவே எழுந்து போய்விட்டார். ஜூலையில் எங்கள் மாநிலத்தின் பட்லர் என்ற ஊரில் டிரம்ப் மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது, எட்டு நாளில் பைடன் போட்டியிலிருந்து விலகினார். தம்பி எதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குமுன் எல்லாவற்றையும் வந்து சொல்கிறவன்.

நவம்பர் 5. குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு முதல் ஓட்டு. தாத்தாவையும் என்னையும் அவன்தான் காரில் கூட்டிப்போனான். விரலில் மை வைக்காமல் வெளியே வந்தது எனக்கு என்னவோ போல இருந்தது, சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர்தான் தந்தார்கள். திரும்பும் வழியில் சொன்னான்: “ஓட்டுப் பட்டியலில் கீழே இருக்கிற மற்ற பதவிகளுக்கெல்லாம் போட்டேன். ஜனாதிபதி வரியை மட்டும் விட்டுவிட்டேன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஓட்டுக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன், நீ இங்கே பிறந்ததாலேயே கிடைத்ததை வீணாக்குகிறாயே என்று திட்டினேன். அவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, “நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்த்தேன்” என்றான். அவ்வளவுதான். பின்சீட்டில் தாத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் செய்தது சரி என்று நான் இன்றும் நினைக்கவில்லை. எங்கள் மாதிரி மாநிலத்தில் ஒவ்வொரு ஓட்டுக்கும் எடை உண்டு. ஆனால் அலட்சியம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவனளவுக்கு வாக்கு எண்ணிக்கையை நெஞ்சில் வைத்திருப்பவர்களை நான் பார்த்ததில்லை.

2025 அக்டோபர் 1-இல் மத்திய அரசு முடங்கியது. 43 நாள். நவம்பரில் சுமார் 4 கோடி 20 லட்சம் பேருக்குப் போகும் உணவு உதவி தடைபட்டது. எங்கள் தெரு முனை தேவாலயத்தில் இலவச உணவுப் பொருள் கொடுப்பார்கள். இரவு வேலை முடித்துவிட்டு, தூங்காமல், சனிக்கிழமை காலையில் அங்கே போய் நின்றான். ஒரு நாள் என் வீட்டுக் கதவைத் தட்டி, அரிசி இருக்குமா என்று கேட்டான். இந்தியக் கடையில் வாங்கிய 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை ஒன்று பிரிக்காமல் இருந்தது, கொடுத்தேன். எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டிரண்டு பவுண்டாகப் பொட்டலம் கட்டினோம். இந்த அரிசி அவர்களுக்குப் பழக்கமில்லையே என்று, எப்படி வடிப்பது என என்னைச் சொல்லச் சொல்லி ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சீட்டு எழுதினான். இரண்டு முறை களைய வேண்டும். ஒரு கப் அரிசிக்கு இரண்டரைக் கப் தண்ணீர், அடுப்பைக் குறைத்து வைத்துப் பதினைந்து நிமிடம். பத்துச் சீட்டையும் எழுதி முடித்துவிட்டு, இரண்டரைதானே, இரண்டு இல்லையே என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டான்.