பகடை போட்டுக் கோலி நகர்த்தும் ஆட்டத்தில் நாலு வயசுப் பிள்ளை ஏன் அழுகிறது?

குழிப் பலகையில் பகடை போட்டுக் கோலி நகர்த்தும் ஆட்டம் வாங்கினோம், மகள் ஆட்டம் சூடுபிடிக்குமுன்னே அழுகிறாள் என்று பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

ஆறு விழுந்தால்தான் கோலி இறங்கும் என்ற விதிதான் காரணம். நம்மூர்த் தாயத்தில் தாயம் விழாமல் காய் இறங்காதே, அதே கதை. நாலு முறை போட்டும் ஆறு விழாமல் போக ஏறக்குறைய 48 சதவீதம் வாய்ப்பு உண்டு. நாம் பொறுப்போம், நாலு வயசு பொறுக்குமா? எந்த எண் விழுந்தாலும் இறங்கட்டும். ஆளுக்கு இரண்டு கோலி போதும். அடுத்தவர் கோலியை வெட்டுவதையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். புளியங்கொட்டையை உரசித் தாயம் ஆடிய ஆச்சிமார் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோலி நிற்கும் குழியையே 'ஒண்ணு' என்று பிள்ளைகள் எண்ணும். 'ஒண்ணு' என்னும்போது அடுத்த குழியில் 'டொக்'கென்று கோலி விழவேண்டும். கையைப் பிடித்து இரண்டு ஆட்டம் காட்டினால் சரியாகிவிடும். பகடையைக் கிண்ணத்துக்குள் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பட்டாசல், அதாவது வீட்டுக் கூடம், முழுக்கத் தேட வேண்டியதுதான்.

அப்புறம், மூணு வயசுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கோலி எட்டவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பார்த்து டப்பாவில் போட்டு மூடுங்கள்.