பழைய ஜிப்சியில் ஸ்டியரிங் ஆட்டம்: பாக்ஸ் ஸ்குரூவைக் கடைசியில் தொடுங்கள்

வால்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 1999 மாடல் மாருதி ஜிப்சி கிங் இருக்கிறது. எஸ்டேட் வேலைக்குத்தான் ஓடுகிறது. ஸ்டியரிங்கில் மூன்று விரல் அளவுக்கு ஆட்டம். பொள்ளாச்சிப் பக்கம் சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகம் போனால் வண்டி இடமும் வலமுமாக அலைகிறது. மெக்கானிக் ஸ்டியரிங் பாக்ஸின் மேலே உள்ள ஸ்குரூவை இறுக்கிக் கொடுத்தார். நேராகப் போகும்போது ஆட்டம் குறைந்திருக்கிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் கனமாகப் பிடிக்கிறது, திருப்பிய பிறகு தானாக நேருக்குத் திரும்பி வர மறுக்கிறது. பாக்ஸையே மாற்ற வேண்டுமா?"

முதலில் அந்த ஸ்குரூவைப் பழைய நிலைக்குத் தளர்த்துங்கள். இன்றே செய்யுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்டம் இருக்கிற ஸ்டியரிங்கையாவது மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம். வளைவில் பிடித்துக்கொண்டு திரும்பி வராத ஸ்டியரிங்கோடு அந்த ரோட்டில் இறங்கக் கூடாது.

அது ஏன் பிடிக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். ஜிப்சியில் இருப்பது ரீசர்குலேட்டிங் பால் வகைப் பாக்ஸ். உள்ளே ஒரு வார்ம் தண்டு, அதன்மேல் குண்டுகள் உருள நகரும் ஒரு நட், அந்த நட்டின் பற்களோடு கோக்கும் செக்டர் ஷாஃப்ட். மேலே இருக்கும் ஸ்குரூ இந்த செக்டர் பற்களை நட்டோடு நெருக்கி வைக்கிறது. தயாரிக்கும்போதே நடுவில், அதாவது சக்கரம் நேராக இருக்கும் நிலையில், பற்கள் இறுக்கமாகவும் இரு ஓரங்களில் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும்படி வெட்டியிருப்பார்கள். வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது என்பதால் தேய்வதும் அந்த நடுப்பகுதிதான். இருபத்தைந்து வருடத்தில் நடுவில் தேய்ந்துபோன அளவை ஸ்குரூவால் ஈடு கட்டினால், தேயாத ஓரப் பற்கள் ஒன்றையொன்று நசுக்கும். உங்கள் வளைவில் நடப்பது அதுதான்.

உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஸ்குரூ கண்ணுக்கு எதிரே இருக்கிறது, ஒரு ஸ்பானரும் ஒரு ஸ்குரூடிரைவரும் போதும், இரண்டு நிமிட வேலை. ஆனால் நான் பார்த்த பழைய ஜிப்சிகளில் ஆட்டம் பெரும்பாலும் பாக்ஸுக்கு வெளியேதான் இருந்தது. அதனால் பாக்ஸைக் கடைசியாக வையுங்கள்.

ஆட்டம் எவ்வளவு என்று அளந்து எழுதி வையுங்கள். சமதரையில், சக்கரம் நேராக இருக்கும்போது, ஸ்டியரிங் வளையத்தின் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, பக்கத்தில் ஒரு அளவுகோலைப் பிடியுங்கள். முன்சக்கரம் அசையத் தொடங்கும்வரை வளையம் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். இந்த வண்டிக்கு 10 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது, அந்த அமைப்பே அப்படித்தான். மூன்று விரல் என்றால் 50 மில்லிமீட்டருக்கு மேல் வரும். அது அதிகம்தான்.

அடுத்து, வண்டியை ஜாக்கியில் தூக்காமல், நான்கு சக்கரமும் தரையில் நிற்க, ஒருவரை உள்ளே உட்காரவைத்து வளையத்தை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல்லுங்கள். எஞ்சினை ஓட விட வேண்டாம். பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு, நீங்கள் முன்னால் கீழே படுத்துப் பாருங்கள். ஸ்டியரிங் தண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகக் கையை வைத்துக்கொண்டே வாருங்கள். இணைப்பின் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் நகராத இடம்தான் கோளாறு. பத்து நிமிடம் பொறுமையாகப் படுத்திருந்தால் விரல் நுனியே சொல்லிவிடும்.

மேலிருந்து வரும்போது முதலில் கிடைப்பது ஸ்டியரிங் தண்டை பாக்ஸோடு இணைக்கும் ரப்பர் ஜாயின்ட். ரப்பர் வெடித்திருந்தாலோ, அதன் போல்ட் தளர்ந்திருந்தாலோ ஆட்டம் அங்கேயே தொடங்கிவிடும். மலிவான பாகம், மாற்றுவதும் எளிது. அப்புறம் பாக்ஸை சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள். வளையத்தை ஆட்டும்போது பாக்ஸே சேர்ந்து அசைகிறதா என்று கவனியுங்கள். அசைந்தால் போல்ட்டை இறுக்குவதோடு நிறுத்தாமல், சுற்றியுள்ள மண்ணைக் கழுவிவிட்டு சேஸிஸில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கரடுமுரடான எஸ்டேட் பாதையில் ஓடுகிற வண்டிக்கு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அகலமான டயர் போட்டிருந்தால் இன்னும் கட்டாயம். கிங்கோடு வந்தது 205/70 ஆர்15 அளவு டயர். அதைவிட அகலமான டயரும் வெளியே தள்ளி நிற்கும் ரிம்மும் போட்டால், ஒவ்வொரு கல்லில் ஏறும்போதும் இந்த இணைப்புகளில் விழும் அடி கூடுகிறது.

பாக்ஸிலிருந்து கீழே வரும் கைக்குப் பிட்மேன் ஆர்ம் என்று பெயர். அதில் சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் என்ற கம்பி கோத்திருக்கும். இரண்டு முன்சக்கரங்களையும் டை ராட் என்ற இன்னொரு கம்பி இணைக்கிறது. இரண்டு கம்பிகளின் முனைகளிலும் சேர்த்து நான்கு பந்து மூட்டுகள், கடைமொழியில் எண்டுகள். இவற்றில் ஒன்றாவது தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே சேறும் தண்ணீரும் போயிருந்தால் அந்த எண்டை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். தேய்ந்த பந்து குழியிலிருந்து கழன்று விழுந்தால், அதன் பிறகு ஸ்டியரிங் இருந்தும் இல்லாததுதான். மாற்றும்போது இரண்டு விஷயங்கள். டை ராடின் ஒரு முனையில் இடது மரை இருக்கும், வாங்கும்போது அதைச் சொல்லி வாங்குங்கள். இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தி நேராக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிதாக இருக்கட்டும். எண்ட் மாற்றிய பிறகு டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை உள்நோக்கி இருக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வண்டி அலைகிறது என்றால், பலரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறோம்: கிங் பின் பேரிங்.

ஜிப்சியின் முன் ஆக்சிலில் ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழுமாக இரண்டு கிங் பின்களில், டேப்பர் பேரிங்குகளின்மேல் திரும்புகிறது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். தடதடவென்றால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங் பின்னாகவும் இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. உள்ளே இருப்பவரை பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின்.

இந்த பேரிங் கெடுவதற்கு உங்கள் ஊரில் காரணங்கள் ஏராளம். மழை, ஓடை, சேறு. தண்ணீர் கீழ் பேரிங்கில் தங்கித் துருப்பிடிக்க வைக்கிறது. இன்னொரு காரணம் வெளியே தெரியாது. ஆக்சிலின் உள் ஆயில் சீல் போய்விட்டால் டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள், அதாவது கிங் பின்னில் திரும்பும் அந்தக் கூட்டுக்குள், கசிந்து, அங்கே இருக்கும் கிரீஸைக் கரைத்துக் கஞ்சியாக்கிவிடும். நக்கிளைச் சுற்றி வெளியே கறுப்பாக ஒழுகியிருந்தால் அது இதுதான். சீலை மாற்றாமல் பேரிங் மட்டும் மாற்றினால் அடுத்த வருடமும் இதே வேலை காத்திருக்கும்.

பேரிங் நன்றாக இருந்து, ஆட்டம் மட்டும் இருந்தால், கிங் பின் தட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை எடுத்து இறுக்கலாம். மேலும் கீழும் சமமாகக் குறைப்பது நல்லது. பேரிங்கில் குழி விழுந்திருந்தால் ஷிம் எடுப்பது வீண், வெளி வளையமான கப்போடு சேர்த்துப் புதிது போட வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதைக் கைக்கணக்கில் விடாதீர்கள். டை ராடைக் கழற்றி, நக்கிளின் பெரிய ஆயில் சீலையும் விலக்கிவிட்டு, டை ராட் மாட்டும் துளையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுங்கள். நக்கிள் திரும்பத் தொடங்கும்போது தராசு 1 முதல் 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். அதற்கு வாங்கும் சின்னத் தராசு, ஒரு ஜோடி டயரைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் குழியில் விழுந்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் கட்டுக்கு அடங்காமல் உதறுகிற வண்டிகளிலும் முதலில் பார்க்க வேண்டியது இதே இடம்தான். உதறலை உறிஞ்சும் ஸ்டியரிங் டாம்பர் புதிதாகப் போட்டால் உதறல் அடங்கியது போலத் தோன்றும். பேரிங் தளர்வு அப்படியே உள்ளே இருக்கும்.

லீஃப் ஸ்பிரிங்கின் முனையில் உள்ள ஷேக்கிள் புஷ், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் இரண்டையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். தேய்ந்த புஷ்ஷில் ஆக்சிலே பக்கவாட்டில் நகரும். அப்போது ஸ்டியரிங் அசையாமலே வண்டி திசை மாறும்.

இப்போது பாக்ஸ். முதலில் ஆயில் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். எஸ்ஏஇ 90 கியர் ஆயில் போதும். சீல் ஒழுகுகிறது என்று ஆயிலுக்குப் பதில் கிரீஸை அடைத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பற்கள் ஒருமுறை ஒதுக்கித் தள்ளிய கிரீஸ் திரும்ப வராது, பல் வறண்டு தேயும். அதைச் செய்யாதீர்கள், சீலை மாற்றுங்கள்.

டிராக் லிங்க்கை பிட்மேன் ஆர்மிலிருந்து கழற்றிவிடுங்கள். வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகச் சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணி, சரியாகப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். கோடியில் மோதவிடக் கூடாது. லிங்க் கழன்றிருக்கும்போது வேகமாக மோதினால் உள்ளே குண்டுகள் ஓடும் குழாய் நெளியும். நடு நிலையில் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக, சிறிது சிறிதாகத் திருப்புங்கள். பிட்மேன் ஆர்மைக் கையால் அசைத்தால் தளர்வு தெரியக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஸ்குரூடிரைவரால் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்கி, வளையத்தை இரு பக்கமும் முழுதாகச் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் ஒரு படி பின்னால் வாருங்கள். நடுவில் ஆட்டம் மறைவதற்குள் ஓரத்தில் பிடிக்க ஆரம்பித்தால், அந்தப் பாக்ஸின் ஆயுள் முடிந்தது. ஸ்டியரிங் தண்டைத் தள்ளி இழுத்தால் அது பாக்ஸுக்குள் ஏறி இறங்குகிறது என்றாலும் அதே முடிவுதான், போயிருப்பது வார்ம் தண்டின் பேரிங். வீட்டில் பிரித்துப் பார்க்கும் பாகம் இல்லை இது.

கிங் 1996-இல் வந்த வண்டி, உற்பத்தி நின்றும் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ராணுவம், போலீஸ், வனத்துறை என்று அத்தனை பேரும் ஓட்டிய வண்டி என்பதால் பாகங்கள் கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டை போன்ற இடத்தில் பழைய பாக்ஸ் வாங்கினால், கடையிலேயே தண்டைச் சுற்றி நடுப்பகுதியைக் கண்டுபிடித்து, பிட்மேன் ஆர்மைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். நடுவில் தளர்வும் ஓரத்தில் இறுக்கமும் இருந்தால், உங்களுடையதையே இன்னொரு முறை காசு கொடுத்து வாங்குகிறீர்கள். மேலே ஸ்குரூ நட்டில் புதிய ஸ்பானர் தழும்பு தெரிகிறதா என்பதையும் பாருங்கள். யாரோ ஏற்கெனவே இறுக்கிப் பார்த்துவிட்டு விற்றிருப்பார்கள்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், டை ராட் எண்டுகளையும் கிங் பின்னையும்தான் முதலில் சந்தேகப்படுகிறேன். ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு, கீழே படுத்து அந்தப் பத்து நிமிடப் பரிசோதனையைச் செய்யுங்கள். அதுவரை எஸ்டேட்டுக்குள் மட்டும் ஓட்டுங்கள், மலை இறங்க வேண்டாம். எந்த இணைப்பில் ஆட்டம் தெரிந்தது, வளையத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்ற இரண்டு விவரத்தையும் எழுதி அனுப்பினால் அடுத்த கட்டத்தைச் சொல்கிறேன்.