பேட்ஜில் ஒன்றும் காட்டவில்லையா?

கேள்வி: கனிம மணல் ஆலையில் மோனசைட், சிர்கான் என்ற கனிமங்களைப் பிரிக்கும் பகுதியில் 6 வருடமாக ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். ஒரே தூசி. கதிர்வீச்சு பற்றிக் கேட்டால், ‘இது மண்ணிலேயே இருப்பது, அணு உலையா என்ன? உன் கதிர் அளக்கும் பேட்ஜிலும் ஒன்றும் காட்டவில்லை’ என்கிறார்கள். என் கதிர் அளவுப் பதிவேட்டைக் காட்ட மறுக்கிறார்கள். நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: எந்த நாட்டில் வேலை என்று நீங்கள் எழுதவில்லை. எனவே பொதுவாக எங்கும் பொருந்துவதைச் சொல்கிறேன்.

‘மண்ணிலேயே இருப்பது’ என்ற வாதம் நிற்காது. யுரேனியம், தோரியம், அவை சிதைந்து வரும் தனிமங்கள் ஆகியவற்றின் கதிரியக்கம் கிராமுக்கு 1 பெக்கரலை (நொடிக்கு ஓர் அணு சிதைவது) தாண்டினால் அந்தப் பொருளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே சர்வதேச அணுசக்தி முகமையின் அடிப்படைத் தரம். வெறும் 1 சதவீதத் தோரியமே கிராமுக்குச் சுமார் 40 பெக்கரல் வரும். மோனசைட்டில் தோரியம் பல சதவீதம் இருக்கும்!

அடுத்தது பேட்ஜ். நெஞ்சில் குத்தும் பேட்ஜ் வெளியிலிருந்து உடம்பில் படும் காமா கதிரைத்தான் அளக்கும். மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் தோரியத் தூசியின் ஆல்ஃபா கதிர் அதில் பதியவே பதியாது. உங்கள் மாதிரி இடத்தில் பயமே அந்தத் தூசிதான். அதனால் பேட்ஜ் கணக்கோடு நிறுத்தாமல், காற்று மாதிரி அளவீட்டையும் அதிலிருந்து கணக்கிட்ட உள்கதிர் அளவையும் (உடம்புக்குள் போன தூசியால் வரும் கதிர் அளவு) கேளுங்கள். பேட்ஜ் அளவும் உள்கதிர் அளவும் சேர்ந்த மொத்தத்தைத்தான் வரம்போடு ஒப்பிட வேண்டும்: 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர் அளவின் அலகு).

உங்கள் கதிர் அளவுப் பதிவைப் பார்ப்பது உங்கள் உரிமை; அதே முகமையின் தரம் அதைச் சொல்கிறது. பணியிடக் கண்காணிப்பும் மருத்துவப் பரிசோதனையும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 115-ஆம் உடன்படிக்கையில் (1960) இருக்கின்றன. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, வழக்கு? நோய் எதுவும் இல்லாத நிலையில் நஷ்ட ஈட்டு வழக்கு பெரும்பாலும் தேறாது என்பது என் கருத்து. ஆனால் பதிவு கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள். கதிர்வீச்சால் வந்த புற்றுநோய்க்கும் மற்றதற்கும் சோதனையில் வித்தியாசம் தெரியாது. நாளைக்கு ஏதாவது வந்தால் இந்த அளவுப் பதிவுதான் உங்கள் சாட்சி. எழுத்தில் கேளுங்கள். ஒப்புகையுடன் அனுப்புங்கள். எந்தப் பகுதியில் எத்தனை மாதம் வேலை, முகமூடி கொடுத்தார்களா என்று நீங்களும் ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். பதில் வராவிட்டால் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் கதிர்வீச்சு ஒழுங்குமுறை அமைப்புக்கும் புகார் கொடுக்கலாம்.

அப்புறம், ஒப்பந்தக்காரர் ஆலையைக் கை காட்டுவார், ஆலை அவரைக் கை காட்டும். கடிதத்தை இருவருக்குமே அனுப்பிவிடுங்கள்.