குடும்பத்துக்கும் விருந்தினர் கூடும் நாளுக்கும் வீட்டிலேயே எளிதாகச் செய்யக்கூடிய காலை உணவுகள் யாவை?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், அநேகமாக, வரும் வாரக் கடைசியில் வீடு நிறைய ஆட்களை எதிர்பார்த்திருப்பவராக இருக்க வேண்டும். தம் வீட்டு நான்கு பேருக்கு மட்டும் சமைப்பவர் ‘விருந்தினர் கூடும் நாளுக்கும்’ என்று சேர்த்துக் கேட்டிருக்க மாட்டார். அப்படியெல்லாம் இல்லை, பொதுவாகத்தான் கேட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வியைப் பார்த்ததும் எனக்குப் பழைய காயம் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது, பதில் அதைச் சுற்றித்தான் போகும்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் சமையல் படித்தவன் அல்லன். எங்கள் வீட்டில் காலைச் சமையல் என் பொறுப்பு, இரவுச் சமையல் மனைவியின் பொறுப்பு. இந்த ஏற்பாடு 9 ஆண்டுகளாக நடந்துவருகிறது. ‘என்றைக்கோ ஒருநாள் அடுப்பைத் தொட்டுவிட்டு அறிவுரை எழுத வந்துவிட்டார்’ என்று கருத்திட நினைப்பவர்கள் முந்தைய வரியை இன்னொரு முறை படித்துவிட்டு வரவும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்னால், பெரியம்மா, சித்தப்பா குடும்பம், அக்கா குடும்பம் என எல்லோரும் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். எங்களையும் சேர்த்து 13 பேர். முதல் நாள் இரவு பேச்சோடு பேச்சாக, “காலைச் சாப்பாட்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், ஆளுக்கு ஓர் ஆம்லெட், கேட்டபடி போட்டுத் தருகிறேன்” என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. ஓர் ஆம்லெட் போட எனக்கு 3 நிமிடம் ஆகும். வெங்காயம் போட்டு, வெங்காயம் இல்லாமல், மிளகு தூக்கலாக, மஞ்சள் கரு வேண்டாம் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கேட்டுப் போட்டால் 4 நிமிடம். பதின்மூன்றை நான்கால் பெருக்கினால் 52 நிமிடம் வருகிறது. இந்தப் பெருக்கலை வாயைத் திறப்பதற்கு முன்பே நான் போட்டிருக்க வேண்டும்.

எட்டு மணிக்குத் தொடங்கினேன். முதலில் சாப்பிட்ட குழந்தைகள், பெரியவர்களின் முறை பாதி முடிவதற்குள் மறுபடியும் தட்டோடு வந்து நின்றார்கள். பெரியம்மா, “எனக்கென்ன அவசரம், பிள்ளைகள் சாப்பிடட்டும்” என்று சொல்லிச் சொல்லியே ஒன்பது மணி வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பிட்ட பிறகு மாத்திரை போட வேண்டியவர் என்பது எனக்குத் தெரியும், அந்த வேளையில்தான் தோன்றவில்லை. பதினோராவது ஆம்லெட்டைத் திருப்பும்போது அது கல்லில் பிடித்துக்கொண்டு இரண்டாகக் கிழிந்தது. அடியில் படிந்திருந்த பழைய எண்ணெய் கருகி வாடை கிளம்பியது. அடுத்த முட்டையை உடைத்த வேகத்தில் ஓட்டுத் துணுக்கு ஒன்று கிண்ணத்தில் விழ, நான் அதை விரலால் துரத்திக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்தார், அடுப்பை அணைத்தார். “போதும்டா. மிச்சப் பேருக்கு நான் பிரெட்டை வாட்டிக் கொடுக்கிறேன், நீ போய் அவர்களோடு உட்கார்” என்றார். போய் உட்கார்ந்தபோது பேச்சு முடிந்து பாதிப் பேர் குளிக்கப் போயிருந்தார்கள். அந்த இரண்டு நாளில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருந்த ஒரே வேளை அதுதான். அந்த ஒரு வேளையும் நான் அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்து நின்றிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஓர் உணவை எளிது என்று ஒப்புக்கொள்வதற்கு முன் நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன்: அதில் எவ்வளவு வேலையை முந்தைய இரவே முடிக்கலாம், எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் ஆகுமா. ஆளுக்கு ஒன்றாக வார்த்தோ சுட்டோ பொரித்தோ எடுக்க வேண்டிய எதுவும், தனியாகப் பார்த்தால் எவ்வளவு சுலபமானதாக இருந்தாலும், ஐந்தாவது ஆள் வந்ததும் கடினமாகிவிடுகிறது. உங்கள் வீட்டில் வழக்கமாகச் செய்யும் உணவு எதுவானாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான் கீழே சொல்பவற்றைத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை.

என் முதல் பரிந்துரை, முட்டையும் பாலும் கலந்து ஊற்றி ஊறவைத்துச் சுடும் பிரெட். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் வெறும் ‘தட்டு’. ஏறக்குறைய 400 கிராம் பிரெட்டைத் துண்டுகளாக்கி, நெய் அல்லது வெண்ணெய் தடவிய ஆழமான தட்டில் பரப்பி, 8 முட்டையையும் 600 மில்லி பாலையும் உப்பு, மிளகோடு அடித்து மேலே ஊற்றி, மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் 180 டிகிரி சூட்டில் 50 நிமிடம் அளவில் வெந்துவிடும். ஒரு தட்டு ஆறிலிருந்து எட்டுப் பேருக்குக் காணும். ஓவன் இல்லாதவர்கள், ஆவியில் வேகவைக்கும் பாத்திரத்துக்குள் அடங்கும் அளவில் இரண்டு மூன்று சிறிய தட்டுகளாகப் பிரித்து, நீர் சொட்டாதபடி மூடி ஆவியில் வேகவைக்கலாம். மேல்பக்கம் சிவந்து மொறுமொறுப்பாகாது, மற்றபடி குறையொன்றும் இல்லை.

இதை முதன்முதலில் செய்தபோது கெடுத்துவிட்டேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஓரமெல்லாம் சிவந்து உப்பி அழகாக வந்தது. நடுவில் கரண்டியைப் போட்டால் கஞ்சியாக ஓடியது. மூன்று தவறுகள் செய்திருந்தேன். அன்றைக்கு வாங்கிய மிருதுவான பிரெட்டைப் போட்டிருந்தேன். ஒருநாள் பழசான, கொஞ்சம் காய்ந்த பிரெட்தான் உருக்குலையாமல் பாலை உறிஞ்சும். தக்காளியையும் காளானையும் பச்சையாகவே போட்டதில் அவை வேகும்போது விட்ட நீரெல்லாம் நடுவில் தேங்கியது. காய்களை முன்னதாகவே வதக்கி நீர் வற்றவிட்டுச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வேகத்தில் சூட்டுக்குள் தள்ளியது. நடுப்பகுதி குளிர்விடுவதற்குள் ஓரம் வெந்து முடிந்துவிட்டது. 20 நிமிடம் வெளியே வைத்திருந்து உள்ளே வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். கண்ணாடித் தட்டாக இருந்தால் இது இன்னும் முக்கியம். சில்லென்ற கண்ணாடி சட்டென்று சூடு பட்டால் விரிசல் விடலாம்.

வெந்துவிட்டதா என்று பார்க்க மேல்நிறத்தை நம்ப வேண்டாம். தனி முட்டையின் வெள்ளைக் கரு 62 டிகிரி வாக்கிலேயே இறுகத் தொடங்கிவிடும். பால் கலந்துவிட்டால் முட்டையின் புரதம் நீர்த்துப்போவதால் அது இறுகக் கூடுதல் சூடு வேண்டும், நேரமும் அதிகம் பிடிக்கும். நடுவில் கத்தியைச் செருகி எடுத்தால் ஈரமாக ஒட்டாமல் வர வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுப்பகுதி 71 டிகிரியைத் தாண்டிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம். முட்டை சேர்ந்த உணவுகளுக்குப் பாதுகாப்பான அளவாகச் சொல்லப்படுவது அது.

இரண்டாவது, வேகவைத்த முட்டை. இதை ஒரு பதிலாகச் சொல்வதா என்று சிரிப்பவர்கள், 20 முட்டையைக் காலை நேரத்தில் வெள்ளைக் கரு பிய்யாமல் உரித்துக் காட்டட்டும். இட்டு ஓரிரு நாளே ஆன முட்டையில் வெள்ளைக் கரு உள்சவ்வோடு ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது கூடவே பெயர்ந்து வரும். நாளாக நாளாக உள்ளிருக்கும் கரியமில வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறி, வெள்ளைக் கருவின் காரத்தன்மை கூடி, அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. ஆகவே விருந்துக்கு முட்டையை ஒரு வாரம் முன்னதாகவே வாங்கிவையுங்கள். வெந்ததும் பனிக்கட்டி நீரில் போட்டால் மஞ்சள் கருவைச் சுற்றி வரும் பச்சை வளையமும் பெரும்பாலும் வராது. அது முட்டையிலிருக்கும் கந்தகமும் இரும்பும் அதிகச் சூட்டில் சேர்வதால் உண்டாவதே தவிர, முட்டை கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. இதை எங்கள் சித்தப்பாவுக்கு நான் நான்கு முறை விளக்கியிருக்கிறேன். ஓட்டோடு குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும்.

ஓட்ஸை இரவே ஊறவைப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: தட்டையாக நசுக்கிய ஓட்ஸ் ஒரு கிண்ணம், பால் ஒரு கிண்ணம், தயிர் அரைக் கிண்ணம், காலையில் பழமும் பருப்பு வகைகளும் தனித்தனியே வைத்துவிட்டால் அவரவர் வேண்டியதைப் போட்டுக்கொள்வார்கள். அடுப்பே வேண்டாம். பெரியவர்களில் பாதிப் பேருக்கு இது பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

காரமாக ஏதாவது வேண்டுமென்பவர்களுக்கு உருளைக்கிழங்கு. இரவே வேகவைத்து, தோலோடு குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஆறிக் குளிரும்போது அதன் மாவுச்சத்து மறுபடி இறுகிவிடுவதால், காலையில் நறுக்கும்போது குழையாது, வாணலியில் புரட்டும்போது உடையாமல் சிவந்து வரும். பெரிய வாணலியில் இரண்டே ஈடாக எல்லோருக்கும் முடிந்துவிடும். குழந்தைகள் பான்கேக் கேட்டால், மாவும் பேக்கிங் பவுடரும் சேர்ந்த உலர் கலவையை மட்டும் இரவு தயாராக வையுங்கள். பாலை ஊற்றி இரவே கரைத்து வைத்துவிட்டால் பொங்க வேண்டிய வாயுவெல்லாம் விடிவதற்குள் போய், காலையில் அட்டை போல வரும். ஆனால் பான்கேக்கும் ஒவ்வொன்றாகச் சுட வேண்டியதுதான்; என் கதையை இப்போதுதான் படித்தீர்கள். பழங்களை மட்டும் இரவே நறுக்க வேண்டாம். ஆப்பிளை நறுக்கியே ஆக வேண்டுமென்றால் எலுமிச்சைச் சாற்றில் புரட்டி வைத்தால் கறுப்பது தள்ளிப்போகும்.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ‘பத்தே நிமிடத்தில் பத்துப் பேருக்குக் காலை உணவு’ என்று காணொளி போடுகிறவர்கள், வெங்காயம் உரித்து நறுக்கி, முட்டையை உடைத்து, பாத்திரத்தைத் துடைத்து வைத்ததற்குப் பிறகுதான் கடிகாரத்தை ஓடவிடுகிறார்கள். கேமராவுக்கு முன்னால் எட்டுச் சிறு கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த எட்டையும் யார் நிரப்பினார்கள், யார் கழுவப்போகிறார்கள் என்பது காணொளியில் வராது. நானே ஒருமுறை அப்படி ஒரு ‘பத்து நிமிட’ உணவைக் கடிகாரம் வைத்துச் செய்து பார்த்தேன். 35 நிமிடம் ஆனது. என் கை மெதுவான கை என்று சொல்லலாம். ஆனால் மூன்றரை மடங்கு மெதுவான கையா என்று கேட்கத் தோன்றுகிறது. அதேபோல, எத்தனை பேர் வருகிறோம் என்பதைச் சொல்லாமல் “எதுவும் செய்ய வேண்டாம், சும்மா வருகிறோம்” என்பவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எண்ணிக்கையைச் சொல்வது எந்த விதத்திலும் மரியாதைக் குறைவு ஆகாது. யாருக்காவது முட்டை, பால், கொட்டைப் பருப்பு ஒவ்வாமல் இருக்கிறதா என்பதை நீங்களே முந்தைய நாள் கேட்டுவிடுங்கள். தாமாக யாரும் சொல்ல மாட்டார்கள், தட்டைத் தள்ளி வைக்கும்போதுதான் தெரியவரும்.

கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பதில்லை என்பதால், உணவை மேசையிலேயே நண்பகல் வரை விட்டுவைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. முட்டை, பால் சேர்ந்த எதையும் அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாமதமாக எழுபவர்களுக்கு ஒரு பகுதியை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து, வந்ததும் நன்றாகச் சூடாக்கிக் கொடுங்கள். தட்டிலிருந்து வெட்டிய துண்டுகளைத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டினால் முதல் சூட்டைவிட அது நன்றாகவே இருக்கும்.

தினசரிக் குடும்பச் சமையலுக்கும் இதேதான், அளவு மட்டும் பாதி. ஞாயிற்றுக்கிழமை இரவு 8 முட்டையும் ஒரு கிலோ உருளைக்கிழங்கும் வேகவைத்து வைத்துவிட்டால் புதன்கிழமை வரை காலையில் அவசரம் இருக்காது.

சென்ற ஆண்டு அதே 13 பேர் மறுபடி வந்தார்கள். இரவு பத்து மணிக்கு இரண்டு தட்டைத் தயார் செய்து மூடி வைத்தேன். காலை ஏழரைக்கு உள்ளே வைத்துவிட்டு, குளித்து, தேநீர் போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி, எட்டரைக்கு மேசையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். முதல் துண்டு பெரியம்மாவுக்கு. சித்தப்பா இரண்டு தட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, இந்தத் தடவை ஆம்லெட் இல்லையா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, “அடுப்பு அங்கேதான் இருக்கிறது சித்தப்பா, போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று” என்றார். சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓரத்திலிருந்த மொறுமொறுப்பான துண்டை எடுத்துக்கொண்டார்.