தூதரகமே இல்லாத ஊரில் மகள் படிக்கலாமா?

கேள்வி: என் மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் முடித்தவள். தைபேயில் உள்ள தேசிய செங்ச்சி பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. தைவானை இந்தியா அங்கீகரிக்கவில்லை, அங்கே நமக்குத் தூதரகமும் இல்லை என்கிறார்கள். ஆபத்து அவசரத்துக்கு யாரிடம் போவாள்? பட்டம் இங்கே செல்லுமா?

பதில்: கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1949 டிசம்பர் 30 அன்று இந்தியா பெய்ஜிங்கில் இருக்கும் கம்யூனிஸ்ட் அரசையே சீனாவின் அரசாக அங்கீகரித்தது. அதிலிருந்து, தானே சீன அரசு என்று சொல்லிவந்த தைபேயுடன் முறைப்படியான உறவு இல்லை. ஆனாலும் 1995இல் தைபேயில் ‘இந்தியா தைபே அசோசியேஷன்’ திறக்கப்பட்டது. அவர்கள் தரப்பில் டெல்லியில் ‘தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்’ வந்தது. நம் அலுவலகத்தின் தலைவருக்குத் தூதர் என்ற பட்டம் கிடையாது, டைரக்டர் ஜெனரல்தான். ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவர் இந்திய வெளியுறவுப் பணி (ஐ.எஃப்.எஸ்.) அதிகாரி. பாஸ்போர்ட் தொலைந்தாலும் உங்கள் மகள் போக வேண்டிய இடம் அதுதான். ஜப்பான் 1972இலேயே இப்படி ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. அமெரிக்கா 1979இல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டது; அதன்படி அவர்களுடைய அதிகாரிகள் அரசுப் பணியிலிருந்து விலகிக்கொண்டுதான் தைபேய்க்குப் போனார்கள்!

ஆகவே பாதுகாப்பைப் பற்றிய கவலையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கவனிக்க வேண்டியது காகித வேலை. வேறு நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் “அப்போஸ்டில் முத்திரை போதும்” என்பார்கள். ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு ஒரே முத்திரையில் ஏற்றுக்கொள்ள வழிசெய்யும் சர்வதேச உடன்படிக்கையின்படி போடுவது அது. தைவான் அந்த உடன்படிக்கையில் இல்லை. சான்றிதழ்களுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் வாங்கி, அப்புறம் தைபே மையத்தின் முத்திரையும் வாங்க வேண்டும். அந்த மையத்துக்கு 2012 முதல் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. நடைமுறையை அங்கேயே கேட்டுவிடுங்கள். படிப்பு முடிந்ததும் பட்டத்துக்குத் தைவான் வெளியுறவு அமைச்சகம், பிறகு நம் அசோசியேஷன் என்று தைபேயிலேயே முத்திரை வாங்கிக்கொண்டு வரட்டும். பட்டம் செல்லுமா என்பது பல்கலைக்கழகத்தையும் படிப்பையும் பொறுத்தது, தூதரக உறவைப் பொறுத்தது அல்ல. இங்கே அரசு வேலைக்கு, வெளிநாட்டுப் பட்டம் நம் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் சமநிலைச் சான்றிதழ் கேட்பார்கள்; பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிகளைச் சேரும் முன்பே பாருங்கள்.

சரி, வேலை? அசோசியேஷனில் நேரடியாக அதிகாரி ஆக முடியாது. அதற்கு யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.எஃப்.எஸ். வர வேண்டும். அந்தத் தேர்வுக்கு இந்தப் படிப்பு நன்றாகவே உதவும். தாலிபான் ஆட்சியை அங்கீகரிக்காமலே 2022இல் காபூலுக்கு இந்தியா ஒரு ‘தொழில்நுட்பக் குழு’வை அனுப்பியதே, அதெல்லாம் இதே பாடம்தான்.

ஆனால் நான் மகளை அதிகம் பார்க்கச் சொல்வது ஸ்ரீபெரும்புதூரையும் செய்யாற்றையும். ஃபாக்ஸ்கான், ஃபெங் டே காலணி ஆலை என்று தைவான் முதலீடு நம் பக்கத்திலேயே குவிந்திருக்கிறது. இரண்டு அரசுகளும் நேரடியாகக் கையெழுத்துப் போட முடியாத இடத்தில் தொழில், வணிகம், கல்வி என்ற வழிகளில்தான் உறவு நடக்கிறது. அங்கே இரு தரப்பு மொழியும் நடைமுறையும் தெரிந்த ஆள் தேவை.

இங்கேதான் என் முக்கியமான எச்சரிக்கை. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் சீன மொழி பேசத் தெரியாமலே முதுகலை முடித்துத் திரும்பலாம். அப்படித் திரும்பினால் பாதிப் பயன் போச்சு. முதல் செமஸ்டரிலேயே மொழி வகுப்பில் சேரட்டும். தைவானில் பழைய வடிவ எழுத்து, சீனாவில் எளிமையாக்கிய எழுத்து. இரண்டையும் வாசிக்கப் பழகினால் வேலை தேடும் வட்டம் பெரிதாகும். தைவான் கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகைகளில் மொழி படிப்பதற்கென்றே ஒன்று உண்டு. சென்னை மையத்தில் விசாரியுங்கள்.

இன்னொன்று. தொழிலாளர்களை அனுப்புவது பற்றி 2024 பிப்ரவரியில் நம் அசோசியேஷனும் தைபே மையமும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. அதைக் காட்டி ஏஜென்ட் யாராவது “படிக்கப் போகிற பிள்ளைக்கு வேலையும் சேர்த்து உறுதி” என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மாணவர் விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.