வீதியும் நீங்களும்: ஞாயிற்றுக்கிழமை பஸ் லேன்

கேள்வி: ஐயா, நான் லண்டனுக்கு வந்து இரண்டு வருடம். போன ஞாயிறு பின்னேரம் கோயிலுக்குப் போகையில், இடப்பக்கம் திரும்புவதற்காகக் கொஞ்சத் தூரம் பஸ் லேனில் ஓடினேன். சிவப்புக் கோடு போட்ட பெருந்தெரு அது. ஞாயிறுதானே என்று நினைத்தேன். 160 பவுண் தண்டம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. லைசென்சில் புள்ளி விழுமா? கட்டத்தான் வேண்டுமா?
– வாசகர், ரூட்டிங்

பதில்: தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். புள்ளி விழாது. கமரா பிடித்து அனுப்புகிற இந்தத் தண்டம் குற்ற வழக்கு அல்ல.

ஞாயிறு என்று நினைத்ததுதான் பிழை. முன்பு பல இடங்களில் பஸ் லேன் நேரம் காலை 7 முதல் இரவு 7 வரைதான், ஞாயிறு விடுதலை. சிவப்புக் கோட்டு வீதிகளில் 2020 செப்டெம்பரில் 24 மணி நேரமும் என்று பரீட்சித்துப் பார்த்து, 2021 டிசம்பரில் அதையே நிரந்தரமாக்கினார்கள். பழைய ஆட்கள் இன்னும் "ஞாயிறு ஓடலாம்" என்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நீலப் பலகையைப் பாருங்கள். நேரம் எழுதியிருந்தால் அந்த நேரம் மட்டும். எழுதவே இல்லையென்றால் இரவு பகல் எந்நேரமும்.

இனி, திரும்புவது. தடித்த வெள்ளைக் கோடு முடிகிற இடம் வரை பொறுத்துத்தான் இடப்பக்கம் எடுக்க வேண்டும். கடிதத்தில் உள்ள இலக்கத்தைப் போட்டால் உங்கள் காணொளியை இணையத்தில் பார்க்கலாம். கோடு முடியச் சற்று முன்னர்தான் நுழைந்தீர்கள் என்றால் முறையிடுங்கள். மறுத்தால் சுயாதீன நடுவரிடம் போகலாம். மிகச் சிறிய தூரத்துக்கு அவர்கள் தள்ளுபடி செய்ததுண்டு. ஆனால் அங்கே தோற்றால் முழுத்தொகை. நெடுந்தூரம் ஓடியிருந்தால் 14 நாளுக்குள் பாதியை, 80 பவுணைக் கட்டிவிடுங்கள். அந்த 14 நாள் கடிதத்தில் போட்ட திகதியிலிருந்து எண்ணப்படும், உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. இது வெறும் தனியார் கார் தரிப்பிடக் கடிதம்தான், கட்டத் தேவையில்லை என்று யாரோ சொல்ல, லாச்சிக்குள் போட்டுவிட்டு இருந்தால் அது 240 ஆகும். அப்புறம் கடன் அறவிடுகிற பெய்லிஃப் வாசலில் வந்து நிற்பான்.

மினிகாப் (முன்கூட்டியே பதிந்து அழைக்கிற வாடகைக் கார்) ஓட்டுகிற நண்பர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்: பஸ் லேனில் ஓடக் கறுப்பு டாக்சிக்கு உள்ள அனுமதி மினிகாப்புக்கு இல்லை.

நான் பதினேழு வருடம் இந்த ஊரில் மாடி பஸ் ஓட்டினேன். ஒருநாள் காலை, ஒரு கார் பஸ் லேனில் விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றது. ஆள் பால் வாங்கக் கடைக்குள் போயிருக்கிறார். பக்கத்து லேன் நிறைந்து கிடந்ததால் என்னால் வெட்டி எடுக்க முடியவில்லை. சிக்னல் மூன்று தரம் மாறியது. மேலும் கீழுமாக எழுபது பேர். ஒரு வயதான அம்மா ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கண்ணாடியில் வைத்து எனக்குக் காட்டினார்: 8.40. அப்போது 8.35. இன்னும் நான்கு தரிப்பு இருந்தது. கடைசியில் அவர் இறங்கி நடக்கத் தொடங்கினார்.

இன்றைக்கே காணொளியைப் பாருங்கள் தம்பி. எந்த இடத்தில் நுழைந்தீர்கள் என்று எனக்கு எழுதினால், முறையீட்டை எப்படி எழுதலாம் என்று சொல்கிறேன்.