முதலில் கேபிளைச் சந்தேகிக்கிற பையன்

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. 10-ஆம் வகுப்பு முடித்த மகன், மேல்நிலைப் பள்ளி வேண்டாம், ஐடிஐயில் சேர்கிறேன் என்கிறான். இது ஒன்று. பக்கத்து வீட்டுக் கணினியில் ஹார்டு டிஸ்க் அடிக்கடி மறைந்துபோக, கடைக்காரர் டிஸ்கையே மாற்றச் சொல்லியிருக்கிறார். உங்கள் மகன் ரிச்சி தெருவில் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் ஒன்றை வாங்கிவந்து மாட்டிச் சரிசெய்துவிட்டான். இது இரண்டாவது. நீங்கள் முதல் செய்திக்காகத் தூக்கம் கெடுகிறீர்கள். நான் இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"கேபிள்தான் காரணம் என்று எப்படித் தெரிந்தது?" என்று அவனிடம் கேளுங்கள். சும்மா மாற்றிப் பார்த்தேன் என்றால், குருட்டு அதிர்ஷ்டம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் 199-ஆம் வரியைப் பார்த்தேன் என்றால், நிமிர்ந்து உட்காருங்கள். டிஸ்குக்கும், மதர்போர்டில் அதோடு பேசும் கன்ட்ரோலருக்கும் நடுவே தகவல் எத்தனை தடவை சிதைந்தது என்பதை அந்த வரி எண்ணிவைக்கிறது. ஏறிய எண் இறங்காது. கேபிளை மாற்றியபின் ஏறாமல் நின்றுவிட்டால் பழி கேபிள்மேல். அப்போதும் ஏறினால், மதர்போர்டில் வேறு சாட்டா போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். டிஸ்கிலேயே பழுதான, பழுதோ என்று சந்தேகப்படும் இடங்களை எண்ணும் 5, 197 ஆகிய வரிகளில் எண் கூடிக்கொண்டே போனால் தேய்வது டிஸ்க்தான். கேபிளுக்குச் செலவழித்துப் பயனில்லை.

எதை முதலில் சந்தேகிப்பது என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆலோசகனாவதற்கு முன், தொண்ணூறுகளில், கணினி சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி சென்டர். அங்கிருந்த கணினியில் ஸ்கஸி கார்டு, உள்ளே ஒரு டிஸ்க். ஸ்கஸி என்பது பல சாதனங்களை ஒரே தொடராகக் கோக்கும் பழைய இணைப்பு முறை. வெளியே புதிதாக ஒரு ஸ்கேனரை மாட்டினேன். டிஸ்க் காணாமல் போயிற்று. ஸ்கஸி தொடரின் இரு கோடிகளிலும் சிக்னலை உறிஞ்சி முடித்துவைக்கும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும், நடுவில் இருக்கக் கூடாது. கோடியில் இல்லாவிட்டால் சிக்னல் அங்கே மோதித் திரும்பிவந்து அடுத்த சிக்னலைக் குழப்பும். அதுவரை ஒரு கோடியாக இருந்த கார்டு, ஸ்கேனர் வந்ததும் நடுவாகிவிட்டது. அதன் டெர்மினேஷனை அணைக்கத் தோன்றாமல் இரண்டு நாள் டிஸ்கையும் கார்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். முதலாளியம்மா கொடுத்த காபியைக் குடிக்கவே கூச்சமாக இருந்தது. சாட்டாவில் ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க்தான்; இந்தத் தலைவலி இல்லை.

"ஸ்குரூடிரைவர் வேலை" என்று உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை. பல மடிக்கணினிகளில் சேமிப்புச் சில்லைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அதைக் கழற்றி மாற்ற முடியாது; அதனால் பிழைப்புக்குத் தெருமுனை ரிப்பேர் கடையை மட்டும் நம்ப முடியாது. ஆனால் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இருக்கும் டேட்டா சென்டர்களில் டிஸ்க்குகளும் கேபிள்களும் நிறைய, பழுதும் உண்டு. அதற்கு நெட்வொர்க்கும் லினக்ஸும் கூடவே தெரிந்திருக்க வேண்டும்.

ஐடிஐ என்றால் ஹார்டுவேர், நெட்வொர்க் பராமரிப்புப் பிரிவு இருக்கிற இடமாகப் பாருங்கள். கிண்டியிலும் அம்பத்தூரிலும் அரசு ஐடிஐ இருக்கிறது; இந்த ஆண்டு அந்தப் பிரிவு உண்டா என்று நேரில் விசாரியுங்கள். ஐடிஐயில் இரண்டு ஆண்டுப் பிரிவு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; அவன் சேரும் பிரிவுக்கு அது பொருந்துமா என்றும் விசாரியுங்கள். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. பட்டம் போய்விடுமே என்ற உங்கள் பயத்துக்கு இதுதான் பதில்.

இன்னொன்றும் கேளுங்கள். பக்கத்து வீட்டு டிஸ்கில் கை வைக்கும் முன் அதிலிருந்த படங்களையெல்லாம் நகல் எடுத்தானா? இல்லை என்றால் என்னிடம் அழைத்து வாருங்கள். அதற்கு அவனை நான் திட்ட வேண்டும்.